ஒரு வம்சாவளி, இரண்டு கணினி: கேள்வி பதில்

வம்சாவளி மென்பொருளின் ஃபைலை இரண்டு கணினிகளில் ஒன்றுபோல வைத்திருப்பது பற்றி மட்டும் கேளுங்கள். கிராம்ப்ஸ், ரூட்ஸ்மேஜிக் என்றால் விவரமாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்குப் பொதுவான பதில்தான் கிடைக்கும். கேட்பதற்கு முன் கீழே உள்ள பதில்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேர்தேடி: ரூட்ஸ்மேஜிக் வைத்திருக்கிறேன் சார். வீட்டில் மேசைக் கணினி, வெளியே போனால் லேப்டாப். இரண்டிலும் ஒரே மரம் இருக்க எளிய வழி என்ன?

ஒரு நேரத்தில் ஒரு கணினியில் உள்ள பிரதியில்தான் பதிய வேண்டும். மற்றதைத் திறந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. இதை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வேலைமுறைதான்.

மேசைக் கணினியில் வேலை முடிந்ததும் மென்பொருளுக்குள் இருக்கும் பேக்கப் வசதியால் பேக்கப் எடுங்கள். ஃபைலை வெளியிலிருந்து காப்பி செய்வது இதற்கு ஈடாகாது. பெயர் இப்படி இருக்கட்டும்: 'வம்சம்-2025-06-14-மேசை'. ஆண்டில் தொடங்கினால் ஃபைல்கள் தாமாகவே தேதி வரிசையில் நிற்கும். கடைசிச் சொல் எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று காட்டிக்கொடுக்கும். பிறகு மென்பொருளை மூடுங்கள். பேக்கப் கிளவுட் ஃபோல்டரில் முழுதாக ஏறி பச்சை டிக் வரும்வரை கணினியை அணைக்காதீர்கள். பாதிப் பேர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். லேப்டாப் மூடியைச் சாத்தியதும் அது உறங்கிவிடும், பேக்கப் பாதி வழியில் நிற்கும்.

அந்தப் பக்கம் லேப்டாப்பில், முதலில் பேக்கப் வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். அங்கே இருக்கும் மரத்தின் ஃபைலை 'பழையது' என்று பெயர் மாற்றுங்கள். அதன் மேலேயே எழுத விடாதீர்கள். இப்போது ரெஸ்டோர் செய்யுங்கள். திறந்தவுடன் ஆட்கள், குடும்பங்கள், நிகழ்வுகள் மூன்றின் எண்ணிக்கையையும் பாருங்கள். பேக்கப் எடுக்கும்போதே இந்த மூன்று எண்களையும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் குறித்து அதே ஃபோல்டரில் போட்டிருந்தால் ஒப்பிட அரை நிமிடம் போதும். எண் பொருந்தவில்லையென்றால் ஒரு எழுத்தும் பதியாதீர்கள். 'பழையது' அடுத்த கைமாற்றம் வரை இருக்கட்டும்.

இரண்டு கணினியிலும் ஒரே பதிப்பு இருக்க வேண்டும். புதிய பதிப்பில் திறந்த ஃபைலைப் பழைய பதிப்பு பெரும்பாலும் ஏற்காது. ரூட்ஸ்மேஜிக் 8 முதல் ஃபைல் வடிவமே வேறு. 7-ல் அது திறக்காது.

லினக்ஸ் தம்பி: கிராம்ப்ஸுக்கும் இதேதானா அண்ணா? அதில் ஒரு ஃபைல் இல்லையே, ஒரு ஃபோல்டர் அல்லவா இருக்கிறது?

முறை அதேதான், ஆனால் அந்த ஃபோல்டரை நீங்கள் தொடவே வேண்டாம். உள்ளே எஸ்க்யூலைட் தரவுத்தளம் ஒன்றும், மரத்தின் பெயர் உள்ள சிறிய ஃபைலும், மரம் திறந்திருக்கும்போது ஒரு பூட்டு ஃபைலும் இருக்கும். பூட்டு ஃபைல் இருக்கிறதே, ஃபோல்டரை அப்படியே சிங்க் செய்தால் என்ன என்று தோன்றும். பூட்டு மற்ற கணினிக்குப் போய்ச் சேர சில நொடிகளோ சில நிமிடங்களோ ஆகும். அதற்குள் அங்கேயும் திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் எழுதும். இன்னொரு தொல்லை: பூட்டு மட்டும் போய்ச் சேர்ந்து, அது நீக்கப்பட்ட செய்தி போகாமல் நின்றால், யாரும் திறக்காத மரம் பூட்டியே கிடக்கும். பூட்டை உடைக்கவா என்று கிராம்ப்ஸ் கேட்கும், எல்லோரும் ஆம் என்பார்கள். அந்தப் பழக்கம் ஒருநாள் தவறான நேரத்தில் காலை வாரிவிடும்.

பேக்கப்பில் இரண்டு வகை உண்டு. படங்கள் இல்லாமல் எக்ஸ்எம்எல் மட்டும் ஒன்று, படங்களையும் சேர்த்துக் கட்டும் பொதி ஒன்று. தினசரிக் கைமாற்றத்துக்கு முதல் வகை போதும். சிறியது, நொடியில் ஏறிவிடும். லேப்டாப்பில் புதிதாக ஒரு காலி மரம் உருவாக்கி அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். ஏற்கெனவே உள்ள மரத்துக்குள் இம்போர்ட் செய்தால் அது பழையதை மாற்றாது, மேலே சேர்க்கும். எல்லோருக்கும் இரட்டைப் பிறவி. நீங்கள் செய்துவைத்த ஃபில்டர்களும் ஆட்-ஆன்களும் இந்த பேக்கப்பில் வராது. அவற்றை அந்தக் கணினியில் தனியாக நிறுவ வேண்டும்.

6.0-க்கு மாறுவதாக இருந்தால் இரண்டு கணினியையும் ஒரே நாளில் மாற்றுங்கள். அதில் தரவை உள்ளே வைக்கும் முறையே மாறிவிட்டது. 6.0 ஒருமுறை மேம்படுத்திய மரத்தை 5.2 திறக்காது.

பழைய ஆல்பம்: ஆட்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். புகைப்படங்கள் மட்டும் லேப்டாப்பில் தெரியவில்லை. சில படங்கள் தெரிகின்றன, சில தெரியவில்லை என்பதுதான் புரியாத புதிர்.

எல்லாமே தெரியவில்லை என்றால் பதில் சுலபம். இந்த மென்பொருள்கள் படத்தைத் தரவுக்குள் வைப்பதில்லை, அது இருக்கும் பாதையை மட்டும் குறித்துவைக்கின்றன. இரு கணினிகளிலும் பயனர் பெயர் வேறென்றால் பாதையும் வேறு. கிராம்ப்ஸில் விருப்பத்தேர்வுகளில் படங்களுக்கான அடிப்படை ஃபோல்டரை இரண்டு கணினியிலும் குறிப்பிட்டுவிட்டு, மீடியா மேனேஜர் கருவியில் முழுப் பாதையைச் சார்புப் பாதையாக மாற்றுங்கள். ரூட்ஸ்மேஜிக்கில் அமைப்புகளில் மீடியா ஃபோல்டரைச் சரியாகக் காட்டினால் போதும். அதற்குள் இருக்கும் படங்களின் பாதை அந்த ஃபோல்டரை ஒட்டியே பதிவாகும்.

சில மட்டும் தெரியவில்லை என்கிறீர்களே, அதுதான் சுவாரசியம். படங்களின் பெயரைத் தமிழில் வைத்திருக்கிறீர்கள், ஒரு கணினி மேக் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 'கோ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வுக்குப் பின் ோ என்ற ஒற்றைக் குறி, அல்லது க-வுக்குப் பின் ே, ா என்ற இரண்டு குறிகள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய மேக் வட்டு வடிவம் ஃபைல் பெயரை எப்போதும் பிரித்தே எழுதும். விண்டோஸிலும் லினக்ஸிலும் தட்டச்சு செய்த மாதிரியே இருக்கும். மரத்தில் உள்ள பாதை ஒரு விதம், வட்டில் உள்ள பெயர் இன்னொரு விதம் என்றால் இரண்டும் வேறு ஃபைல். ொ, ோ, ௌ மூன்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. 'கோபால்' காணாமல் போய் 'முருகன்' தெரிந்தால் காரணம் இதுதான். படங்களுக்கு எண்ணிட்ட பெயர் வையுங்கள். தமிழ்ப் பெயரை மென்பொருளின் தலைப்புப் பகுதியில் எழுதுங்கள்.

தமிழ்ப் பெயர்களே இல்லை, ஒரு கணினி லினக்ஸ் என்றால், ஃபைலின் பின்னொட்டு ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் ஓரிடத்தில் சிறிய எழுத்திலும் இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் பொருட்படுத்தாது, லினக்ஸ் விடாது.

சரவெடி: எதற்கு இத்தனை சடங்கு? ரூட்ஸ்மேஜிக் ஃபைலை நேராக ட்ராப்பாக்ஸுக்குள் வைத்துத் திறக்கிறேன். வருடக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்துகிறீர்கள்.

ஒன்றும் ஆகவில்லை என்பதை எப்படிச் சோதித்தீர்கள்? ஃபைல் திறக்கிறது என்பது சோதனை அல்ல. தரவுத்தளக் கருவிகளில் முழுமைச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். பிறகு அந்த ஃபோல்டரில் 'முரண்பட்ட நகல்' என்று பெயரில் ஒட்டிக்கொண்ட ஃபைல் ஏதும் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே ஃபைல் இரண்டு பக்கமும் மாறியிருந்தால் ட்ராப்பாக்ஸ் ஒன்றை இப்படித் தனியாக ஒதுக்கி வைக்கும்.

கணக்குப்பிள்ளை: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ரூட்ஸ்மேஜிக் ஃபைலும் எஸ்க்யூலைட் தரவுத்தளம்தானே, அது பாதியில் மின்சாரம் போனாலும் கெடாத மாதிரி வடிவமைத்தது. அப்புறம் எப்படி சிங்க்கால் கெடும்? சரவெடி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நல்ல கேள்வி, அதனால் விரிவாகவே சொல்கிறேன். மின்சாரம் போனால் தப்பிக்கக் காரணம், எழுதும்போது பக்கத்தில் ஜர்னல் என்றோ வால் (WAL) என்றோ ஒரு துணை ஃபைல் இருப்பதுதான். மறுபடி திறக்கும்போது அதை வைத்துப் பாதி எழுத்தைச் சரிசெய்துகொள்ளும். ஆக, எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் இரண்டு ஃபைலும் சேர்ந்ததுதான் ஒரு தரவுத்தளம். சிங்க் மென்பொருளுக்கு இது தெரியாது. அதற்கு அவை இரண்டு தனி ஃபைல்கள். முதன்மை ஃபைலை ஒரு கணத்திலும் துணை ஃபைலை இன்னொரு கணத்திலும் எடுத்து அனுப்பும். சில சமயம் துணை ஃபைல் போகவே போகாது. அந்தப் பக்கம் போய்ச் சேர்வது பாதி எழுதிய முதன்மை ஃபைல், சரிசெய்யத் துணை இல்லாமல். இயங்கும் தரவுத்தளத்தைக் காப்பி செய்வதும் துணை ஃபைலைப் பிரிப்பதும் தரவைக் கெடுக்கும் வழிகள் என்று எஸ்க்யூலைட்டின் சொந்த ஆவணத்திலேயே இருக்கிறது.

கெட்டது உடனே தெரிந்தால்கூடப் பரவாயில்லை. பெரும்பாலும் தேடிக் காட்ட உதவும் அட்டவணைக் குறியீடு மட்டும் பிசகும். பெயர்ப் பட்டியலில் ஒருவர் வரமாட்டார், ஆனால் அப்பா வழியாகப் போனால் இருப்பார். இல்லையென்று நினைத்து மறுபடி பதிவீர்கள்.

சரவெடி: கெட்டால் என்ன, ட்ராப்பாக்ஸில் பழைய பதிப்புகள் இருக்கின்றனவே. பின்னோக்கிப் போய் எடுத்துக்கொள்வேன்.

இலவசக் கணக்கில் 30 நாள் வரைதான். அந்த அப்பா வழிப் பிசகு 30 நாளுக்குள் உங்கள் கண்ணில் படுமா? பட்டாலும், பின்னோக்கிப் போனால் இடையில் பதிந்ததெல்லாம் போகும்.

கணக்குப்பிள்ளை: மென்பொருள் திறந்திருக்கும்போது சிங்க்கை நிறுத்திவைத்து, மூடியபின் ஓடவிட்டால்?

அப்படியென்றால் கெடாது. மூடிய ஃபைல் சாதாரண ஃபைல்தான், தாராளமாக அனுப்பலாம். ஆனால் நிறுத்த மறக்கும் ஒருநாள் வரும். அதோடு, ஒரு கணினியில் சிங்க்கை மறுபடி ஓடவிட மறந்து மற்றதில் பதிந்தால் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு பிரதிகள் உருவாகும். பேக்கப்பை மட்டும் அனுப்பும் முறையில் மறதிக்குத் தண்டனை குறைவு: மறந்தால் பேக்கப் வராது, எதுவும் அழியாது.

மாலை நிலா: இந்த விவாதத்தைப் படித்தபின் பார்த்தேன். நான் எந்த கிளவுடிலும் வைக்கவில்லை, டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில்தான் இருக்கிறது. ஆனால் ஐகானில் பச்சை டிக் தெரிகிறதே?

அப்படியென்றால் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரே ஒன்டிரைவுக்குள் இருக்கிறது. விண்டோஸ் அமைக்கும்போது ஃபோல்டர் பேக்கப் என்று கேட்டிருக்கும், சரி என்றிருப்பீர்கள். மேக்கில் ஐகிளவுட் இதே வேலையைச் செய்யும். மென்பொருளை மூடிவிட்டு, சி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் திறந்து மரத்தை அங்கே நகர்த்துங்கள். டாக்குமென்ட்ஸில் பேக்கப்கள் மட்டும் இருக்கட்டும்.

பேரன்: ஜெட்காம் ஏற்றுமதி செய்து லேப்டாப்பில் இறக்கினால் போதாதா? எல்லா மென்பொருளும் படிக்குமே?

ஜெட்காம் என்பது வம்சாவளித் தரவை மென்பொருள்களுக்கு இடையே கொண்டுபோகும் பொது ஃபைல் வடிவம். வேறு மென்பொருளுக்குக் குடிபோகும்போது அது வேண்டும். அதே மென்பொருளின் இரண்டு பிரதிகளுக்கு இடையே அது வேண்டவே வேண்டாம். ஒவ்வொரு போக்குவரத்திலும் கொஞ்சம் உதிரும்: நீங்கள் உருவாக்கிய நிகழ்வு வகைகள், மேற்கோள் வார்ப்புகள், இடங்களின் படிநிலை, படத்தில் முகத்தைச் சுற்றி வரைந்த கட்டம். பத்துமுறை போய்வந்தால் எலும்புக்கூடுதான் மிஞ்சும்.

தமிழில் பதிபவர்களுக்கு இன்னும் ஒன்று. ஆன்செல் என்ற பழைய குறியாக்கத்தில் தமிழே கிடையாது. யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கவில்லை என்றால் பெயரெல்லாம் கேள்விக்குறியாகும். தேர்ந்தெடுத்தாலும், ஜெட்காம் 5.5.1 பதிப்பில் ஒரு வரிக்கு 255 எழுத்துதான் எல்லை, நீளமான குறிப்பை வெட்டி அடுத்த வரியில் தொடர வேண்டும். சில மென்பொருள்கள் எழுத்துக்குப் பதில் பைட்டை எண்ணி வெட்டுகின்றன. யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறி, அதனால் 'லட்சுமி' 7 குறி, 21 பைட். வெட்டு ஒரு குறியின் நடுவில் விழுந்தால் அந்த இடத்தில் � என்று வந்து நிற்கும். 2021-ல் வந்த 7.0 பதிப்பில் இந்த வெட்டும் வரி நீளமும் இல்லை, குறியாக்கமும் யூடிஎஃப்-8 மட்டும்தான். உங்கள் இரண்டு மென்பொருளும் அதைப் படிக்குமா என்று பாருங்கள்.

கிளை: தவறு நடந்துவிட்டது. ஒரு மாதமாக இரண்டு கணினியிலும் மாறி மாறிப் பதிந்திருக்கிறேன். எப்படி ஒன்றாக்குவது?

முதலில் இரண்டிலும் பேக்கப் எடுத்துத் தனியே வையுங்கள். பிறகு எந்தப் பக்கம் மாற்றம் குறைவு என்று பாருங்கள். கிராம்ப்ஸில் ஆட்கள் பட்டியலில் 'கடைசியாக மாற்றியது' என்ற நெடுவரிசையைச் சேர்த்து அதன்படி அடுக்குங்கள்; நிகழ்வுகள், குறிப்புகள், மேற்கோள்கள் பட்டியல்களிலும் அப்படியே. பிரிந்த தேதிக்குப் பிந்தையவை மேலே வந்துவிடும். குறைவாக உள்ள பக்கத்தின் மாற்றங்களை மற்றதில் கையால் பதியுங்கள். நாற்பது ஐம்பது மாற்றம் வரை கையால் செய்வதுதான் வேகம். அதற்கு மேல் என்றால் கிராம்ப்ஸில் இம்போர்ட் மெர்ஜ் என்ற ஆட்-ஆன் வேறுபாடுகளை ஒவ்வொன்றாகக் காட்டும்.

ஒன்றுக்குள் ஒன்றை இம்போர்ட் செய்துவிட்டு 'இரட்டிப்புகளைத் தானாக இணை' என்று அழுத்தாதீர்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் இருந்து, இருவருக்கும் பிறந்த ஆண்டு பதியாமல் இருந்தால் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடும்.

புதியவர்: ஜெட்காம் வழியாக சிங்க் செய்யலாமா சார்?

பேரனுக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

ஆர்வலர்: மரபணுப் பரிசோதனை எந்த நிறுவனத்தில் செய்யலாம்?

என் துறை அல்ல.

பயணி: இணையமே வேண்டாம். பென்டிரைவிலேயே மரத்தை வைத்து இரண்டிலும் செருகித் திறந்தால் சிங்க் பிரச்சினையே இல்லையே?

பிரதி ஒன்றுதான் என்பதால் அந்த அளவில் சரி. ஆனால் பென்டிரைவ் தொலையும், பழுதாகும், பாதி எழுதும்போது பிடுங்கப்படும். எப்போதும் எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். மூடும்போதெல்லாம் அந்தக் கணினியில் ஒரு பேக்கப் விழ வேண்டும். ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. படங்களோடு கட்டிய பொதி அந்த அளவைத் தாண்டலாம். எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். ஃபேட்32 ஃபைலின் மாற்ற நேரத்தை 2 நொடிக்கு ஒருமுறைதான் குறிக்கும். நேரத்தை ஒப்பிடும் சிங்க் கருவிகள் மாறாத ஃபைலையும் மாறியதாக நினைக்கும்.

அக்கா தம்பி: நானும் தம்பியும் வேறு வேறு ஊரில். இருவரும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும்.

ஃபைல் சிங்க்கால் இது நடக்காது. எந்தக் கருவி வாங்கினாலும் நடக்காது. அது ஃபைலை நகர்த்தும், உள்ளே இருக்கும் ஆட்களைப் பிரித்தறியாது. ஒரு சர்வரில் தரவை வைத்து இருவரும் உலாவி வழியாகப் பதிய வேண்டும். கிராம்ப்ஸ் வெப் அதற்கென்றே உள்ளது, பயனர்களுக்குத் தனித்தனி உரிமை கொடுக்கலாம். உங்கள் கணினியில் உள்ள கிராம்ப்ஸோடு ஒப்பிட்டு இணைக்க ஓர் ஆட்-ஆனும் உண்டு. சர்வர் நடத்த ஆள் இல்லையென்றால், மரம் அக்காவிடம் இருக்கட்டும். தம்பி ரிமோட் டெஸ்க்டாப்பில் வந்து பதியட்டும், முறை வைத்துக்கொண்டு.

சரவெடி: முழுமைச் சோதனை ஓட்டினேன். தேறியது. ஆனால் 'முரண்பட்ட நகல்' மூன்று கிடக்கிறது. சரி, பேக்கப்பை மட்டும் அங்கே வைக்கிறேன். எத்தனை வைத்துக்கொள்வது?

கடைசிப் பத்து, அதற்கு முன் மாதம் ஒன்று. மாதத்துக்கு ஒருமுறை அவற்றில் ஒன்றை வேறு பெயரில் ரெஸ்டோர் செய்து திறந்து பாருங்கள். அந்த மூன்று நகலை இப்போது அழிக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து, மேலே 'கிளை' என்பவருக்குச் சொன்ன மாதிரி கடைசி மாற்றத் தேதியைப் பாருங்கள். நீங்கள் பதிந்து காணாமல் போன ஆட்கள் அங்கே இருக்கலாம்.