ஹார்மோன் சிகிச்சைக்கு யாரிடம் லெட்டர் வாங்குவது?

கேள்வி: அக்கா, நான் திருநம்பி; பெண்ணாகப் பிறந்து ஆணாக உணர்பவன். வயது 23. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஹார்மோன் ஊசி ஆரம்பிக்க மனநல லெட்டர் கேட்கிறார்கள். ஒரு கவுன்சலரிடம் வாராவாரம் பணம் கட்டிப் பேசினேன். கடைசியில், “லெட்டர் தரும் தகுதி எனக்கில்லை” என்றுவிட்டார். யாரிடம் போவது? அம்மாவுக்கு இன்னும் தெரியாது.
– பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: தம்பி, முதல் நாளே சொல்ல வேண்டியதை அவர் கடைசியில் சொன்னது அநியாயம். இனி போனிலேயே கேட்டுவிடுங்கள்: “ஹார்மோன் சிகிச்சைக்கு லெட்டர் தருவீர்களா? இதற்கு முன் திருநம்பிகளைப் பார்த்திருக்கிறீர்களா?”

ஹார்மோன் டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வது சைக்யாட்ரிஸ்ட் (மனநல டாக்டர்) அல்லது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (மருத்துவ உளவியலாளர்) தரும் லெட்டரைத்தான். முன்னவர் மருத்துவக் கவுன்சிலிலும், பின்னவர் ஆர்.சி.ஐ. எனும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலிலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். லெட்டரைக் கையில் வாங்கியதும் கையெழுத்துக்குக் கீழே பதிவு எண் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். விட்டுப்போனால், அதற்காக இன்னொரு நாள் லீவு போட்டு அலைய வேண்டும்.

“மனசை மாத்திடலாம், கல்யாணமானா சரியாயிடும்” என்று பேச ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள். இப்படி ‘மாற்றும்’ சிகிச்சைக்கு எதிராக 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்றே அறிவித்தது.

நமக்கு மனநோய் இருக்கிறதென்று யாரும் பயமுறுத்த வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 எனும் நோய்ப் பட்டியலில், நாம் திருநராக இருப்பது மனநோய்ப் பிரிவிலேயே கிடையாது. ஊசியால் என்னவெல்லாம் மாறும் என்று தெரிந்துதான் சம்மதிக்கிறீர்களா என்பதுதான் டாக்டர் பார்க்க வேண்டியது. அதனால், நம்மில் பலர் செய்வதுபோல ‘சரியான’ கதையை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். குழப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். குரல் உடைந்தால் பழையபடி திரும்பாது. பிற்காலத்தில் குழந்தை பெறுவது பற்றியும் ஊசிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால் பக்கத்தில் கோவை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். சென்னை வர முடிந்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் திருநர்களுக்கென்றே கிளினிக் இருக்கிறது.

18 வயது தாண்டியவர் நீங்கள். அம்மா கையெழுத்து கட்டாயமில்லை. வீட்டு ஆள் வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அப்போது நம்பிக்கையான நண்பரை அழைத்துப் போய்ப் பேசிப் பாருங்கள்.

அப்புறம், லெட்டர் தாமதமாகிறதே என்று யாரோ சொன்ன அளவில் நீங்களே ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், தம்பி. அந்த ஊசியில் இருக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுக்களைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கக்கூடும். முன்னும் பின்னும் ரத்தப் பரிசோதனை செய்து, அளவைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டும்.