நாலு லைனும் பிஸி: பிஆர்ஐ வாங்கலாமா, சிப் ட்ரங்க் வாங்கலாமா?

கேள்வி: ஈரோட்டில் 25 படுக்கை கொண்ட மருத்துவமனை நடத்துகிறோம். நாலு லேண்ட்லைன், ஒரு பழைய இபிஏபிஎக்ஸ் (வெளி லைன்களை உள்ளே இருக்கும் போன்களோடு இணைக்கும் பெட்டி), 22 எக்ஸ்டென்ஷன். காலையில் யார் கூப்பிட்டாலும் என்கேஜ்டு. ஒருவர் பிஆர்ஐ போடச் சொல்கிறார், இன்னொருவர் சிப் ட்ரங்க் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: பணம் கட்டும் முன் ஒரு சோதனை. நாலு லைனுக்கும் 'ஹண்டிங்' போட்டிருக்கிறதா? அதாவது, போர்டில் எழுதியிருக்கும் முதல் எண் பிஸியானால் கால் தானாக அடுத்த லைனுக்குப் போகிறதா? மற்ற லைன்கள் காலியாக இருக்கும்போது, அந்த முதல் லைனில் பேசிக்கொண்டே மொபைலிலிருந்து அதே எண்ணுக்கு அடித்துப் பாருங்கள். என்கேஜ்டு வந்தால் குறை அங்கேதான். இப்போதைய நிறுவனத்திடம் சொல்லி அதைச் சரி செய்துகொள்ளுங்கள்.

ஹண்டிங் இருந்தும் நெருக்கடி என்றால், ஒரு வாரம் காலை 9 முதல் 11 வரை நாலு லைனும் சேர்ந்தாற்போல் எவ்வளவு நேரம் நிறைந்திருக்கிறது என்று ரிசப்ஷனில் குறிக்கச் சொல்லுங்கள். எப்போதாவது பத்து நிமிஷம் என்றால் ஆறு லைன் போதும். இரண்டு மணி நேரமும் அப்படியே என்றால் எட்டு, பத்து வேண்டியிருக்கும். 22 எக்ஸ்டென்ஷனுக்கு 22 லைன் வேண்டாம். வார்டும் மருந்தகமும் தங்களுக்குள் பேச வெளி லைனே தேவையில்லை.

பிஆர்ஐ என்பது 2 எம்பிபிஎஸ் கொண்ட தனிப் பாதை. ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். இணையத்தோடு கலக்காததால் குரல் உடையாது. ஆனால் பொதுவாக 30 சேனலையும் சேர்த்தேதான் தருவார்கள். எட்டுப் பேர் பேசும் இடத்தில் மீதி 22 சேனலுக்கும் வாடகை போகும். உங்கள் இபிஏபிஎக்ஸில் பிஆர்ஐ கார்டு செருக இடமும் இருக்க வேண்டும்.

சிப் ட்ரங்கில் குரல் ஐபி வழியே, அதாவது இணையம் போல டேட்டாவாக வருகிறது. எட்டு சேனல் வேண்டுமென்றால் எட்டு வாங்கலாம், பிறகு கூட்டலாம். பழைய இபிஏபிஎக்ஸ் என்றால் நடுவில் சிப்பை அதற்குப் புரியும்படி மாற்றித் தரும் ஒரு கேட்வே பெட்டி தேவைப்படும். அதன் விலையையும் கொட்டேஷனில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு காலுக்குச் சுமார் 90 கேபிபிஎஸ் போதும், ஆகவே இணைய வேகம் பிரச்சினையே அல்ல. சிக்கல் வேறு இடத்தில்: ஸ்கேன் படங்களை அனுப்பும்போது அப்லோடு நிறைந்து குரல் விட்டு விட்டுக் கேட்கும். குரலுக்கெனத் தனி இணைப்பு கேளுங்கள், அல்லது ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை வைக்கச் சொல்லுங்கள்.

என் ஓட்டு சிப் ட்ரங்குக்கே, ஒரு நிபந்தனையோடு. செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். சிப் ட்ரங்க் வரும் ஃபைபர் இணைப்பின் பெட்டிக்கு வராது. எங்கள் அலுவலகத்தில் இபிஏபிஎக்ஸை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு, சுவரில் இருந்த ஃபைபர் பெட்டியை மறந்துவிட்டார்கள். கரண்ட் போன அன்று எல்லா போனும் ஊமை. மருத்துவமனையில் அது நடக்கக் கூடாது. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், கேட்வே மூன்றும் யுபிஎஸ்ஸில் இருக்கட்டும்.

கேள்வி: நிறுவனம் மாறினால் எங்கள் பழைய எண் போய்விடுமா?

பதில்: போய்விடும். எண்ணை வைத்துக்கொண்டு நிறுவனம் மாறும் வசதி நம் நாட்டில் மொபைலுக்குத்தான், லேண்ட்லைனுக்கு இல்லை. மருந்துச் சீட்டில் அச்சான எண் என்பதால், இப்போதைய நிறுவனமே அதே எண்ணில் சிப் தருமா என்று முதலில் கேளுங்கள். முடியாதென்றால் பழைய லைன் ஒன்றை மட்டும் ஒரு வருஷம் வைத்திருந்து, வரும் கால்களைப் புது எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள்.