ஷெல்டன் மேயர் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

அமெரிக்கக் காமிக்ஸ் வரலாறு வாசித்துக்கொண்டிருக்கிறேன். சூப்பர்மேனை அடையாளம் கண்ட ஷெல்டன் மேயர், கடைசியில் டயப்பர் கட்டிய குழந்தைகளை வரைந்துகொண்டு இருந்துவிட்டார். அவ்வளவு உயரத்தில் இருந்தவர் ஏன் இப்படி இறங்கிப்போனார்? காமிக்ஸை இலக்கியம் என்று சொல்லலாமா? இன்னொன்று, நானும் வரைவேன். ஒரு சிறுவர் இதழில் பொறுப்பாசிரியராகக் கூப்பிடுகிறார்கள். போகலாமா?

எஸ்.

அன்புள்ள தம்பி,

இலக்கியமா இல்லையா என்பதை விட்டுவிடுங்கள், எனக்கு அதில் அக்கறை இல்லை. மேயர் இறங்கிப்போனார் என்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக அவரைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறேன். படித்ததும் கோபம் வந்தது.

பத்திரிகைகள் வேண்டாமென்று திருப்பியனுப்பிய சூப்பர்மேன் ஸ்ட்ரிப்பை, அதாவது தினசரிக்கான படக்கதைத் தொடரை, பத்திரிகைகளுக்குப் படக்கதைகளை விற்கும் மெக்ளூர் சிண்டிகேட்டில் இருந்துகொண்டு விடாமல் தூக்கிப்பிடித்தபோது மேயருக்கு 21 வயதுகூட நிரம்பவில்லை. தினசரிக்காக வரைந்த கட்டங்களை வெட்டி ஒட்டிப் பக்கமாக்கித்தான் 1938 ஜூன் தேதியிட்ட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் போட்டார்கள். பிறகு ஆல்-அமெரிக்கன் என்ற காமிக்ஸ் நிறுவனத்தில் ஆசிரியர். ஃப்ளாஷ், கிரீன் லான்டர்ன், வொண்டர் வுமன் என்ற சூப்பர்ஹீரோ கதைகள் எல்லாம் அவர் கை பட்டு வந்தவை. பின்னால் பெயர்பெற்ற ஓவியர்களான கியூபர்ட், இன்ஃபான்டினோ, அலெக்ஸ் டாத் எல்லாம் இளம் வயதிலேயே அவரிடம் வேலை வாங்கியவர்கள்.

இதெல்லாம் நீங்களும் படித்திருப்பீர்கள். அவர் தன் கையால் என்ன வரைந்தார் என்று பார்த்தீர்களா? 1936லிருந்து ‘ஸ்கிரிப்ளி’. கார்ட்டூன் போடத் துடிக்கும் ஒரு பொடியனின் கதை. அதில் மா ஹங்கல் என்று மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மாள். 1940ல் அவளை ரெட் டொர்னாடோ என்ற சூப்பர்ஹீரோ ஆக்கினார். கண்ணுக்கு ஓட்டை போட்ட சமையல் பாத்திரம் தலையில், உடம்பில் சிவப்பு நிறத்தில் நீள உள்ளாடை. சூப்பர்ஹீரோக்களின் சங்கத்துக்கு ஒருமுறை வருகிறாள். கால்சட்டை கிழிந்துவிட, வந்த வழியே திரும்பிப் போகிறாள். பறக்கும் வீரர்களைப் பகலெல்லாம் திருத்திக்கொண்டிருந்த மனிதருக்கு மனசு முழுக்க இந்த அம்மாள்தான் இருந்திருக்கிறாள்.

1948ல் ஆசிரியர் பதவியை அவராகவே விட்டார். 31 வயது. வரைவதற்காக விட்டார் தம்பி. 1956லிருந்து 1971 வரை ‘சுகர் அண்ட் ஸ்பைக்’, 98 இதழ்கள், கதையும் படமும் அவரே. பேச்சு வராத இரண்டு பக்கத்து வீட்டுக் குழந்தைகள். அவர்களுக்குள் தெளிவாகப் பேசிக்கொள்வார்கள். பெரியவர்கள் காதில் ‘க்ளக்ஸ், ஸ்பிட்ஸில்’ என்றுதான் விழும். பெரியவர்கள் பேசுவதும் குழந்தைகளுக்கு விளங்காது. வீட்டில் எதைப் பார்த்தாலும் தாங்களாக ஒரு காரணம் கட்டி, அதன்படி நடந்து, மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிற தண்டனை வாங்குவார்கள். என்ன தப்பு செய்தோம் என்று அங்கேயும் விவாதம் நடக்கும். இதை ‘டயப்பர் குழந்தைகள்’ என்று ஒரு வரியில் தள்ளிவிட உங்களுக்கு எப்படி மனம் வந்தது? படித்துவிட்டுத்தான் எழுதினீர்களா?

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பத்திரிகையில் ஓர் ஓவியர் இருந்தார். பஸ் நிறுத்தம் வரையச் சொன்னால், செருப்பைக் கழற்றிக் காலைச் சொறிகிற ஒரு ஆளாவது அதில் இருப்பான். அவரைக் கலைப்பிரிவுப் பொறுப்பில் உட்காரவைத்து மேலே ஏற்றினார்கள். அதற்குப்பின் அடுத்தவர் படத்தில் விரல் சரியில்லை, நிழல் சரியில்லை என்று சிவப்பு மையில் சுழிப்பதே வேலையாகிவிட்டது. இந்தியன் இங்க் புட்டி மேஜையிலேயே கெட்டிதட்டிக் கிடந்தது. மூன்று மணிக்கு டீ குடிக்கப் போகும்போது ‘ஏதாவது வரையணும்டா’ என்பார். வரையவில்லை. ஓய்வு பெற்றபோது சால்வை போர்த்தினார்கள். இறங்கிப்போவது என்றால் எனக்கு அதுதான். ஊர் அதை உயர்வு என்று சொன்னது.

மேயருக்குக் கண்புரை வந்துதான் 1971ல் தொடர் நின்றது. அறுவைச் சிகிச்சை முடிந்ததும் வெளிநாட்டு இதழ்களுக்காக அதே குழந்தைகளை மறுபடி வரைந்தார். அவருக்காக நீங்கள் வருத்தப்பட வேண்டியதில்லை.

வேலைக்குப் போங்கள், சம்பளம் வேண்டுமே. மேயரும் ஆசிரியராக இருந்துகொண்டே ஸ்கிரிப்ளியை வரைந்தவர்தான். ஆனால் வரைவேன் என்று எழுதியவர் கடிதத்தோடு ஒரு படம்கூட வைக்கவில்லை. அடுத்த கடிதத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டு படத்தை அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்