வெள்ள வரைபடம் போடக் கற்க விரும்புவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி (கடலூர்): பிளஸ் டூ முடித்தேன். பேரிடர் மேலாண்மை வேலைக்கு ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் படிக்கலாமா?

தாராளமாக. செயற்கைக்கோள் படங்களையும் கணினி வரைபடங்களையும் கொண்டு நிலத்தைப் படிக்கும் துறை இது. கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே பி.இ. இருக்கிறது. சிவில், புவியியல் படித்துவிட்டு முதுகலையில் இந்தப் பக்கம் வருபவர்களும் உண்டு. டேராடூனில் உள்ள இந்தியத் தொலையுணர்வு நிறுவனம் (ஐ.ஐ.ஆர்.எஸ்.) இணையத்தில் இலவசக் குறும்படிப்புகள் நடத்துகிறது; முதலில் ஒன்றை முடித்துப் பாருங்கள்.

கேள்வி (தேனி): எந்த மென்பொருள்?

க்யூஜிஐஎஸ், கணினியில் வரைபடம் போடும் மென்பொருள். இலவசம். உங்கள் தாலுகாவின் ஏரி, ஓடைகளை வரைந்து பழகுங்கள். ஆனால் உயரம் என்று ஓர் எண்ணைப் பார்த்தால், எதிலிருந்து அளந்தது என்று கேளுங்கள். சென்னைக் கடற்கரையில் ஜி.பி.எஸ்.ஸின் நீள்கோள உயரம் (பூமியை வழவழப்பான நீள்கோளமாகக் கணக்கிட்டு, அதன் பரப்பிலிருந்து அளந்தது) மைனஸ் 80 மீட்டருக்கும் கீழே காட்டும். நம் பக்கம் கடல்மட்டம் அந்தக் கணக்குப் பரப்புக்கு அவ்வளவு தாழ்வு. இதைக் கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரத்தோடு தெரியாமல் கலந்தால் வரைபடமே தப்பு.

கேள்வி (பெங்களூரு): ராடார் செயற்கைக்கோள் மேகத்தைத் தாண்டிப் பார்க்கிறதே, களத்துக்கு ஏன் போக வேண்டும்?

வயல்வெளியில் ராடார் அருமை. தேங்கிய நீரில் சாய்வாக விழும் அலை எதிர்ப்பக்கம் போய்விடும், திரும்பி வராது; படத்தில் கறுப்பாகத் தெரியும். ஊருக்குள் அப்படியில்லை. நீரில் பட்ட அலை வீட்டுச் சுவரில் மோதித் திரும்பி வந்துவிடும். அங்கே கறுப்பு இல்லை, வெளிச்சம்தான். நான் போட்ட வரைபடம் ஒன்றில் ஒரு தெரு காய்ந்திருந்தது. போய் நின்றால் இடுப்பளவு தண்ணீர். அன்றிலிருந்து களத்தில் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை.

அவரே மீண்டும்: முந்தைய படத்தோடு ஒப்பிட்டால் கூடுதல் வெளிச்சம் தெரியுமே?

நல்ல கேள்வி. தெரியும், தெரு ராடாருக்கு ஏற்ற திசையில் இருந்தால். ஐரோப்பிய ராடார் செயற்கைக்கோளான சென்டினல்-1 படத்தின் பிக்சல் 10 மீட்டர். நம் தெருக்கள் பல அதைவிடக் குறுகல். ஒரே செயற்கைக்கோள் அதே கோணத்துக்குத் திரும்ப 12 நாள். 2015 டிசம்பரில் அடையாறு ஏறியபோது, மூழ்கிய தெருக்களை மக்களே இணைய வரைபடத்தில் குறித்தார்கள். ராடாருக்குத் தெரியாததை மாடியில் நின்றவர் பார்த்தார்.

கேள்வி (சேலம்): எந்த மென்பொருள் கற்கலாம்?

மேலே இருக்கிறது. இது இரண்டாவது முறை, படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (ஓசூர்): ட்ரோன் உரிமம்?

என் துறை இல்லை. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதிகளைப் பாருங்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): நேர்காணலுக்கு எதைக் கொண்டுபோக?

உங்கள் ஊரின் நிவாரண மையங்கள், அங்கே போகும் பாதைகள், எந்தப் பாலம் முதலில் மூழ்கும் என்பது: ஒரே தாளில், கறுப்பு வெள்ளையில் படிக்கும்படி. மின்சாரம் போனபின் தாள்தான் கையில் இருக்கும். மூலையில், உயரம் எதிலிருந்து அளந்தது என்று எழுதுங்கள்.