தோட்டத்துக் கேள்விகள்: மலைக்குளிரில் நாட்டுத் தக்காளி

கேள்வி: வீட்டின் பின்புறம் தக்காளி வளர்க்கிறோம். விலைக்கு வாங்கி நட்ட நாற்றுகள் நன்றாகவே காய்க்கின்றன. பழங்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. ஆனால், ரசத்தில் கரைத்துவிட்டால் புளிப்பும் தெரிவதில்லை, மணமும் தெரிவதில்லை. முன்பு விளைந்த கோணல்மாணலான தக்காளியின் ருசி இப்போது ஏன் வருவதில்லை? உரம் போதவில்லையா?
— வாசகி, கோத்தகிரி

பதில்: உரம் போதாமல் ருசி குறைவதைவிட, உரமும் நீரும் மிகுந்து ருசி குறைவதே வீட்டுத் தோட்டங்களில் அதிகம். எனினும், முதற்காரணம் ரகம்தான். சந்தைக்கான ரகங்களை உருவாக்கியவர்கள் விளைச்சல், லாரிப் பயணத்தைத் தாங்கும் தோல், சீரான நிறம் ஆகியவற்றையே பெரிதும் பார்த்தார்கள். பழைய ரகங்களில் காய் பழுக்கும் முன் காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும். அது அழகில்லை என்று கருதி, காய் முழுவதும் வெளிர்பச்சையாக இருக்கும் செடிகளையே பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். அந்தக் கரும்பச்சைக்குக் காரணமான மரபணுதான் காயிலேயே பச்சையத்தைப் பெருக்கி, சர்க்கரை சேரவும் உதவுகிறது என்பதை 2012ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளியான கட்டுரை விளக்கியது. சீரான நிறத்தைத் தேடியபோது இனிப்பும் சேர்ந்து கழிந்துவிட்டது.

ஆகவே, விதை வாங்கும்போது காம்புப்பகுதி கரும்பச்சையாக இருக்கும் ரகமா என்று கேளுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 அத்தகையது. தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து பிறந்த அந்த ரகம் சமவெளிக்கானது என்பதால், கோத்தகிரியில் வெயில் மாதங்களில் மட்டுமே வைத்துப் பாருங்கள். வெளிநாட்டுப் பழைய ரகங்களில் ஆசை இருந்தால், பெயர்பெற்ற பிராண்டிவைனைவிடச் செக் நாட்டு ஸ்டுபிசே மலைக்கு ஏற்றது. பழம் சிறியது, ஆனால் விரைவில் காய்க்கும், குளிரையும் ஓரளவு தாங்கும். பிராண்டிவைன் பழுப்பதற்குள் மழை வந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது வளர்ப்பு. நடும்போது நன்கு மட்கிய தொழுவுரத்தைக் குழிக்கு இரண்டு கைப்பிடி இட்டால் போதும். பிறகு யூரியாவைத் தூவினால் இலைதான் கொழுக்கும். காய் பருத்து நிறம் மாறத் தொடங்கியதும், செடி வாடாத அளவுக்கு நீரைக் குறைத்துவிடுங்கள். நீர் மிகுந்தால் பழத்தின் சாறு நீர்த்துப்போவதோடு தோலும் வெடிக்கும். காய்களுக்கு வெயில் படட்டும் என்று சிலர் இலைகளை உருவிவிடுகிறார்கள். சர்க்கரையைச் செய்வது இலை என்பதால் அது வீண்வேலை.

பறித்த பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காதீர்கள். 5 டிகிரி செல்சியஸில் ஒரு வாரம் இருந்த பழத்தில் சர்க்கரையும் புளிப்பும் அப்படியே இருக்க, மணம் தரும் பொருள்கள் மட்டும் குறைந்துவிடுவதை 2016இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. மலைவீட்டில் சமையலறை மேடையே போதிய குளிர்ச்சிதான்.

கேள்வி: டிசம்பர், ஜனவரியில் தக்காளிப் பூக்கள் எல்லாம் உதிர்ந்துவிடுகின்றன. என்ன மருந்து தெளிக்கலாம்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: மருந்து வேண்டியதில்லை. இரவு வெப்பம் 13 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மகரந்தம் சரிவர உருவாவதில்லை. உங்கள் ஊரில் அந்த மாதங்களில் இறங்காத இரவு அரிது. ஜனவரியில் வீட்டுக்குள் வெயில் விழும் சன்னலோரம் நாற்று விட்டு, உறைபனி நீங்கிய பின் மார்ச்சில் தோட்டத்தில் நடுங்கள்.

கேள்வி: மூன்று நாள் மூடுபனிக்குப் பின் இலைகள் வெந்ததுபோல் கறுத்து, ஒரே வாரத்தில் தோட்டம் முழுவதும் பட்டுப்போனது. காய்களிலும் பழுப்புநிறத் திட்டுகள். இது என்ன நோய்? பக்கத்து வயலில் உருளைக்கிழங்கு இருக்கிறது.
— வாசகர், பூம்பாறை

பதில்: நீங்கள் கடைசியாகச் சேர்த்த வாக்கியத்திலேயே பாதி விடை இருக்கிறது. இது பின்பருவ இலைக்கருகல் நோய். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வழிவகுத்த அதே நுண்ணுயிரிதான் தக்காளியையும் தாக்குகிறது. ஈரம் காயாத இலையும் குளிர்ந்த காற்றும் அதற்குப் போதும்; காலையில் இலையின் அடிப்புறத்தில் வெண்பூசணம் தெரிந்தால் ஐயமே வேண்டாம். கருகிய செடியைக் காப்பாற்ற முயலாமல் அன்றே பிடுங்கி ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எருக்குழியில் போடக் கூடாது. அறுவடையில் தப்பித் தானாக முளைக்கும் உருளைச் செடிகளையும் விட்டுவைக்காதீர்கள், ஏனெனில் நோய் அடுத்த பருவம்வரை கிழங்கில்தான் தங்குகிறது.

வருமுன் காப்பதில் கூரைக்கு ஈடானது எதுவும் இல்லை. நான்கு கழிகளை நட்டு, மேலே மட்டும் பாலித்தீன் விரிப்பைச் சரிவாகக் கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிட்டால் இலை நனைவது பெருமளவு குறையும். செடிகளுக்கிடையே இரண்டடிக்குக் குறையாத இடைவெளி விட்டு, கழியில் கட்டி நிமிர்த்தி, தரையிலிருந்து ஓரடி உயரம்வரையுள்ள இலைகளை மட்டும் நீக்குங்கள் (கோத்தகிரி வாசகிக்குச் சொன்னதற்கு இந்த ஒன்றே விலக்கு). நீரைத் தூரில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள். மழைக்கு முன்பே ஒரு சதவீதப் போர்டோ கலவையைத் தெளிப்பதும் பலன் தரும். 10 லிட்டர் நீருக்கு 100 கிராம் மயில்துத்தமும் 100 கிராம் சுண்ணாம்பும் தேவை. இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலந்து, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். மழை தொடர்ந்தால் செங்காயாகவே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். நிறம் திரும்பத் தொடங்கிய பின் பறிப்பதால் ருசி அதிகம் கெடாது.

கேள்வி: உருளைக்கிழங்கு எடுத்த நிலத்தில் தக்காளி வைக்கலாமா?
— வாசகர், உதகமண்டலம்

பதில்: வேண்டாம். இலைக்கருகல் ஒருபுறமிருக்க, 1961இல் உதகையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு தக்காளி வேரிலும், கத்தரி வேரிலும் வாழும். அதன் கூடுகள் மண்ணில் பல்லாண்டுகள் உயிரோடு கிடக்கும். மூன்று ஆண்டுகளாவது கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு என்று மாற்றிப் பயிரிடுங்கள்.

கேள்வி: காயின் அடிப்பகுதி மட்டும் கறுத்துக் குழிவிழுகிறது. இதுவும் நோயா?
— வாசகி, பண்ணைக்காடு

பதில்: நோயன்று, சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராத குறை. சில நாள் காயவிட்டுப் பிறகு வெள்ளமாக ஊற்றுவதால் வருவது. சீராக நீர்விட்டு, தூரைச் சுற்றி உலர்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்புங்கள். மலைமண் புளித்த மண் என்பதால், மண்ணைப் பரிசோதித்து, நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன் டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் தூள் இடுவதும் நல்லது.

கேள்வி: ருசியான ஒரு தக்காளி கிடைத்தால், அதன் விதையை எடுத்து வைக்கலாமா? அதே ருசி வருமா?
— வாசகர், குன்னூர்

பதில்: நாட்டு ரகமானால் வரும், வீரிய ஒட்டு ரகமானால் அடுத்த தலைமுறையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதமாகக் காய்க்கும். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது என்பதால், ரகங்களுக்கிடையே சில அடி இடைவெளி விட்டாலே வீட்டுத் தேவைக்குப் போதும். நோயற்ற, நன்கு காய்த்த செடியைத் தேர்ந்து, முழுதும் பழுத்த பழத்தின் விதைகளைச் சாற்றோடு ஒரு குவளையில் வழித்து இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். குளிர் மிகுந்தால் இன்னும் ஒரு நாள் ஆகலாம். வழவழப்புக் கரைந்ததும் அலசி, அடியில் தங்கும் விதைகளைத் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். மலையின் ஈரக்காற்றில் திறந்து வைத்த விதை சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கும் என்பதால், இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில், ரகத்தின் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். நான்கு ஆண்டுகள்வரை தாராளமாக முளைக்கும்.