முடிவு முன்பே தெரிந்த 'திருச்சிற்றம்பலம்' படம் எதில் நிற்கிறது, எங்கே சறுக்குகிறது?

ஷோபனாவாக நித்யா மேனன் வந்த சில நிமிடங்களிலேயே முடிவு தெரிந்துவிடும். பள்ளிக் காலத்துத் தோழி, ஒரே குடியிருப்பு, நாயகனைத் திட்ட உரிமை உள்ள ஒரே பெண். இத்தனையும் கொடுத்துவிட்டு வேறொருத்தியைக் கட்டிவைக்கவா போகிறார்கள்? இயக்குநர் மித்ரன் ஆர். ஜவஹரும் அதை ஒளித்துவைக்க மெனக்கெடவில்லை. தனுஷை வைத்து முன்பு அவர் எடுத்த மூன்று படங்களுமே தெலுங்குப் படங்களின் மறுஆக்கங்கள். 2022 ஆகஸ்டில் வந்த இது அப்படியல்ல.

படத்தைத் தாங்குவது காதலைவிட, பெண்களே இல்லாத அந்த வீடுதான். தாயும் உடன்பிறந்தவளும் விபத்தில் போனதற்கு அப்பாவே காரணம் என்று மகன் அவரோடு பேசுவதில்லை. அப்பா பிரகாஷ்ராஜ் போலீஸ்காரர், மகன் தனுஷ் உணவு டெலிவரி செய்பவன். நடுவில் தாத்தா பாரதிராஜா. பேரனுக்குத் தாத்தா பெயரையே வைக்கும் நம் வழக்கத்தைத் திரைக்கதை நன்றாகவே பயன்படுத்திக்கொள்கிறது. ஒரே பெயர் என்பதால் இருவரும் கூட்டாளிகள்போல ஆகிவிட, அப்பா தன் வீட்டிலேயே அந்நியராகிறார். பேச்செல்லாம் தாத்தா வழியாகப் போவதால் சாதாரண வசனம்கூடச் சிரிப்பாகிறது, உள்ளே வலியும் இருக்கிறது.

சறுக்கல் என்றால் முதலில் ராஷி கன்னா, பிரியா பவானிசங்கர் பாத்திரங்கள். இருவரும் மறுப்பதற்காகவே எழுதப்பட்டவர்கள். மறுப்பு வரும் என்று நமக்கு முன்பே தெரிவதால் அந்தக் காதல்களில் பதற்றமே இல்லை. பாட்டும் நகைச்சுவையும் நேரத்தை நிரப்புகின்றன. அடுத்தது அப்பாவுக்கு வரும் பக்கவாதம். பல வருடப் பகையை உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய இடத்தில் நோயை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். அதன்பிறகு மகன் பணிவிடை செய்யும் காட்சிகளைக் காப்பாற்றுவது பிரகாஷ்ராஜின் உடல்மொழி.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. இருவர் வேண்டாம் என்ற பிறகு, அதுவும் தாத்தா எடுத்துச் சொல்லித்தான், ஷோபனா அவன் கண்ணில் படுகிறாள். மூன்றாவதாகத் தேர்வானவளுக்கு அது எப்படி இருக்கும்? நல்ல காதல் கதை தொடங்க வேண்டிய இடமே அதுதான். படமோ வெளிநாட்டுப் பயணம், விமான நிலையம் என்று பழகிய பாதைக்குப் போய்விடுகிறது. அவள் மனசு வசனத்துக்கு வருவதற்கு வெகு முன்பே நித்யா அதைக் கண்ணில் காட்டிவிடுகிறார். 70ஆவது தேசிய விருதுகளில் மானசி பரேக்குடன் அவர் பகிர்ந்துகொண்ட சிறந்த நடிகை விருது இந்தப் படத்துக்குத்தான்.