சோலார் இருக்கிற வீட்டுக்கு பேட்டரியும் வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் போட்டு மூன்று வருடம் ஆகிறது. கிரிட்டோடு, அதாவது வெளியிலிருந்து வரும் பொது மின் லைனோடு, இணைந்த அமைப்பு. பகலில் மிஞ்சுவது வெளியே போகிறது, இரவில் சுமார் 6 யூனிட் வெளியிலிருந்து எடுக்கிறோம். இப்போது ஒருவர் வந்து, 10 யூனிட் பேட்டரி வைத்தால் கரண்ட் பில்லே வராது, கடனும் நாங்களே ஏற்பாடு செய்து தருகிறோம் என்கிறார். போன மாதம் நல்ல வெயிலில் பவர் கட் ஆனபோது சோலார் இருந்தும் ஒரு விளக்குகூட எரியவில்லை. அன்றிலிருந்து பேட்டரி வாங்கியே ஆகவேண்டும் என்று என் மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறார். கிரிட் இணைப்பை விடுவதாக இல்லை. வைப்பு நிதியில் இருக்கும் பணத்தை எடுத்துப் போடலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டில் இரண்டு பேர் இரண்டு வேறு காரணங்களுக்காக பேட்டரியை நினைக்கிறீர்கள். உங்களுக்கு பில் குறையவேண்டும், உங்கள் மனைவிக்கு கரண்ட் போனால் வீடு இருளக்கூடாது. விற்க வந்தவர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் முதலில் அதைப் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் பணக்கணக்கு இரண்டுக்கும் வேறு வேறு.

பில்லிலிருந்து ஆரம்பிக்கிறேன். எல்லாவற்றையும் தீர்மானிக்கிற ஒரு விஷயத்தை நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்: பகலில் வெளியே போகும் யூனிட்டுக்கு மின் நிறுவனம் உங்களுக்கு என்ன தருகிறது? கடைசியாக வந்த பில்லை எடுத்துப் பாருங்கள். வெளியிலிருந்து எடுத்தது எவ்வளவு, வெளியே கொடுத்தது எவ்வளவு என்று இரண்டு எண்கள் இருக்கும். கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டிலிருந்து அப்படியே கழித்துவிட்டு மீதிக்கு மட்டும் பணம் கேட்டிருந்தால் அது நெட் மீட்டரிங். எடுத்ததற்கு ஒரு விலை, கொடுத்ததற்கு அதைவிடக் குறைந்த விலை என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அது நெட் பில்லிங்.

நெட் மீட்டரிங் என்றால், பில்லைக் குறைக்க பேட்டரி வாங்காதீர்கள். பகலில் ஒரு யூனிட் கொடுத்து இரவில் ஒரு யூனிட் திரும்ப வாங்குகிறீர்கள், நடுவில் சேதாரம் இல்லை. கிரிட்டே உங்களுக்கு பேட்டரியாக இருக்கிறது, அதற்குத் தேய்மானமும் இல்லை. வீட்டு பேட்டரியில் அப்படி இல்லை, பத்து யூனிட் உள்ளே போனால் வெளியே வருவது ஒன்பது அல்லது அதற்கும் கொஞ்சம் கீழே, மீதி சூடாகப் போய்விடும். ஆக, பணம் போட்டு வாங்கி, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கரண்டையும் இழப்பீர்கள். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. மாலை நேரத்து யூனிட்டுக்குத் தனியாக அதிக விலை வைத்து, நீங்கள் பகலில் கொடுத்ததைப் பகல் விலைக்கே வரவு வைக்கிற இடமாக இருந்தால், அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும் அளவுக்கு பேட்டரிக்கு வேலை இருக்கிறது.

சரி, நெட் பில்லிங் என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் கணக்கு உட்கார்ந்து போடத் தகுந்தது. பணத்தை மறந்துவிடுங்கள், எல்லாவற்றையும் யூனிட்டில் பேசலாம். பேட்டரிக்கு அவர் சொன்ன முழு விலையையும் (பேட்டரி மட்டுமல்ல, சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரை மாற்றுவது, வயரிங், கூலி, வரி எல்லாம் சேர்த்து) நீங்கள் ஒரு யூனிட்டுக்குக் கொடுக்கும் விலையால் வகுங்கள். 20,000 வருகிறது என்று ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 20,000 யூனிட்டுக்கான பணத்தை இன்றே கொடுக்கிறீர்கள்.

விற்பவரின் கணக்கு எப்படி இருக்கும் என்றால், இந்த பேட்டரி 6,000 சுற்று (ஒருமுறை முழுசாக நிரம்பிக் காலியாவது ஒரு சுற்று) தாங்கும், சுற்றுக்கு 10 யூனிட், ஆக 60,000 யூனிட், மூன்று மடங்கு லாபம். கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 6,000 சுற்று என்பது நாளுக்கு ஒன்று வீதம் பதினாறு வருடத்துக்கு மேல், வாரண்டியோ பெரும்பாலும் 10 வருடம். உங்கள் வீடு இரவில் எடுப்பது 6 யூனிட்தான், மீதி 4 யூனிட் காலையில் அப்படியே பேட்டரிக்குள் கிடக்கும், கிடக்கிற கரண்ட் உங்களுக்கு ஒரு காசும் சம்பாதித்துத் தராது. மேகமூட்டம், மழை, வெளியூர் போன நாட்களைக் கழித்தால் வருடத்துக்கு 300 நாள் உருப்படியாக ஓடும் என்று வைக்கலாம். 6 பெருக்கல் 300 பெருக்கல் 10, மொத்தம் 18,000 யூனிட். அறுபதாயிரம் எங்கே, பதினெட்டாயிரம் எங்கே!

அதிலும் முழுசாக லாபம் இல்லை. அந்த யூனிட்டை பேட்டரியில் போடாமல் வெளியே கொடுத்திருந்தால் ஏதோ ஒரு விலை வந்திருக்கும் அல்லவா? நீங்கள் வாங்கும் விலை 100, விற்கும் விலை 30 என்றால், பேட்டரியிலிருந்து ஒரு யூனிட் எடுக்க உள்ளே போடவேண்டியது சுமார் 1.1 யூனிட், அதாவது 33 பெறுமானமுள்ள கரண்டை விட்டுக்கொடுக்கிறீர்கள். நிகர லாபம் 67. பதினெட்டாயிரத்தில் 67 சதவீதம் சுமார் 12,060 யூனிட். போட்டது 20,000. பத்து வருடத்தில் அசலே திரும்பவில்லை.

கடன் வாங்கினால் இன்னும் மோசம். மேலே சொன்ன சேமிப்பு மாதத்துக்கு சுமார் 100 யூனிட்டின் பணம். ஐந்து வருடக் கடன் என்றால், வட்டியையே சேர்க்காமல் அசல் தவணை மட்டும் மாதம் 333 யூனிட்டின் பணம். பில்லில் மிச்சமாவதைப்போல மூன்று மடங்குக்கு மேல் தவணை போகும். பில் வராது என்று அவர் சொன்னது வார்த்தைக்கு உண்மையாகவே இருக்கலாம், ஆனால் பில் கட்டிய இடத்தில் தவணை கட்டுவீர்கள், அதுவும் கூடுதலாக. இந்தக் கடனை நீங்கள் வாங்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது உங்கள் மனைவி சொல்வதற்கு வருகிறேன். அவர் பார்த்தது சரி. கிரிட்டோடு இணைந்த சாதாரண சோலார் இன்வெர்ட்டர், வெளியே கரண்ட் போன மறுகணம் தானும் நின்றுவிடும். அது பழுது இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி ஒருவர் கம்பத்தில் ஏறி வேலை செய்யும்போது உங்கள் கூரையிலிருந்து கரண்ட் பாய்ந்தால் அவர் உயிர் போகும். ஐஇஇஇ என்ற மின் பொறியாளர்கள் அமைப்பு 2003-இல் கொண்டுவந்த 1547 தரநிர்ணயமே, கிரிட் போனால் 2 விநாடிக்குள் இன்வெர்ட்டர் விலகவேண்டும் என்று சொல்கிறது. பவர் கட்டிலும் வீடு ஓடவேண்டுமானால், வெளி லைனிலிருந்து வீட்டைத் துண்டித்துக்கொண்டு தனியாக ஓட்டத் தெரிந்த இன்வெர்ட்டரும், அதைச் செய்யும் மாற்று ஸ்விட்சும், பேட்டரியும் மூன்றும் சேர்ந்து வேண்டும்.

இந்த மாற்று ஸ்விட்ச் விஷயத்தை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு குடும்பம், பேட்டரி வாங்கி நான்கு மாதம் கழித்துத்தான் முதல் பவர் கட்டைப் பார்த்தார்கள். போன் திரையில் பேட்டரி 82 சதவீதம் என்று காட்டுகிறது, சுவரில் பெட்டியின் பச்சை விளக்கு எரிகிறது, வீடு முழுக்க இருட்டு. பொருத்தியவர்கள் பேட்டரியை பில் குறைக்கும் வேலைக்கு மட்டும் இணைத்திருக்கிறார்கள். பேக்அப் இணைப்பு தனி உருப்படி, விலைப்பட்டியலில் அது இல்லவே இல்லை. அந்த அம்மா அந்தப் பட்டியலை என் மேசையில் விரித்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துத் தேடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. பிறகு தனியாகப் பணம் கட்டி அதைச் செய்தார்கள். உங்களுக்குக் கொடுத்த விலைப்பட்டியலிலும் பேக்அப் என்ற சொல் எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

பவர் கட்டுக்கு எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? நீங்கள் நினைப்பதைவிடச் சின்னது. ஃப்ரிட்ஜ் சராசரியாக 60 வாட், மூன்று ஃபேன் 225 வாட், நாலைந்து எல்இடி விளக்கு 60 வாட், இணைய ரூட்டர் 10 வாட் என்று கூட்டினால் 355 வாட். 5 யூனிட் பேட்டரியில் எடுக்க முடிந்தது 4.5 யூனிட் என்றாலும் 12 மணி நேரம் தாங்கும், பகலானால் சோலாரும் திரும்ப நிரப்பும். ஆனால் 1,500 வாட் இழுக்கும் ஏசியைப் போட்டால் அதே பேட்டரி மூன்று மணி நேரத்தில் காலி. அதனால் அவசியமான இணைப்புகளை மட்டும் தனி போர்டில் பிரித்து பேட்டரிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், ஏசியும் தண்ணீர் மோட்டாரும் அதற்கு வெளியே இருக்கட்டும். மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், சின்ன இன்வெர்ட்டர் அங்கேயே விழுந்துவிடும்.

அந்த 5 யூனிட் பேட்டரிக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலை பாதியாகாது, பொருத்துகிற செலவு எப்படியும் உண்டு, 11,000 யூனிட் என்று வைக்கிறேன். தினமும் ராத்திரிக்குள் முழுசாகக் காலியாகும், சுமாரான வெயிலிலும் நிரம்பிவிடும் என்பதால் வருடத்துக்கு 330 நாள் வேலை செய்யும். பத்து வருடத்தில் கொள்ளளவு 70 சதவீதத்துக்கு இறங்கும் என்று எடுத்துக்கொண்டு சராசரி பார்த்தால் மொத்தம் சுமார் 12,600 யூனிட் தரும், நிகர லாபம் 8,450 யூனிட் அளவுக்கு வரும். குறைவது 2,550 யூனிட், மாதத்துக்குப் பிரித்தால் 21 யூனிட்டின் பணம். பெரிய பேட்டரியில் இதே குறை மாதம் 66 யூனிட். வைப்பு நிதியில் இழக்கிற வட்டியும் இதோடு சேரும், மின் கட்டணம் ஏறினால் குறை சுருங்கும். இந்த 21 யூனிட்டை நான் முதலீட்டு நஷ்டமாகப் பார்க்கவில்லை, இருட்டு வராமல் இருக்க நீங்கள் கட்டும் பிரீமியம். அந்தத் தொகை உங்கள் வீட்டு நிம்மதிக்குத் தகுமா என்பதை நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசவேண்டும், அதற்கு என்னிடம் சூத்திரம் இல்லை. வருடத்துக்கு இரண்டு முறை அரை மணி நேரம் கரண்ட் போகிற இடத்தில் இருப்பவருக்கு அது வீண். வாரத்துக்கு மூன்று முறை போகிற இடத்தில், அல்லது கரண்டில் ஓடும் மருத்துவக் கருவி வீட்டில் இருந்தால், வாங்க நான் தயங்கவே மாட்டேன்.

பேட்டரிக்கு முன்னால் செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது, நெட் பில்லிங் ஆட்கள் கட்டாயம் செய்யவேண்டும். இரவில் செய்கிற வேலையைப் பகலுக்குத் தள்ளுங்கள். துணி துவைக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், வண்டி சார்ஜ் எல்லாம் பதினொரு மணி வெயிலில் ஓடட்டும். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி சூடேற்ற 3.5 யூனிட் ஆகும். ஹீட்டர் தொட்டி நல்ல உறை போட்டதாக இருந்தால் மதியமே சூடாக்கி வைத்துக்கொள்ளலாம், அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பேட்டரி மாதிரிதான்.

வாங்குவது என்று முடிவானால் பார்க்கவேண்டியவை கொஞ்சம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையாக இருக்கட்டும், வீட்டுக்குள் வைக்க அது நிதானமானது, சுற்றும் அதிகம் தாங்கும். லெட் ஆசிட் மலிவு, ஆனால் தினசரி பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் போய்விடும். வாரண்டியில் வருடத்தோடு சேர்த்து மொத்தம் இத்தனை யூனிட் என்று ஒரு வரம்பும் இருக்கும், எது முதலில் வருகிறதோ அதோடு வாரண்டி முடியும், அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெயில் படும் சுவரில் மாட்டவிடாதீர்கள், சூடு பேட்டரியின் ஆயுளைத் தின்னும். வீட்டுக் காப்பீடு இருந்தால் பேட்டரி வைத்ததைத் தெரிவித்துவிடுங்கள். அப்புறம், மின் நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: பேட்டரி சேர்த்தால் என் பழைய ஒப்பந்தம் அப்படியே தொடருமா? விதிகள் மாறும்போது பழைய ஒப்பந்தத்துக்கு மதிப்பு மிக அதிகம். கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் புதிதாக விண்ணப்பித்தவர்களுக்கு வெளியே கொடுக்கும் யூனிட்டின் விலை சுமார் 75 சதவீதம் குறைந்தது, முன்பே சேர்ந்தவர்கள் பழைய விலையில் தொடர்ந்தார்கள். நல்ல ஒப்பந்தம் கையில் இருந்தால் ஒரு பேட்டரிக்காக அதை இழக்காதீர்கள்.

பணம் எங்கிருந்து என்று கேட்டீர்கள். ஆறு மாத வீட்டுச் செலவுக்கான தொகை வைப்பு நிதியில் தொடாமல் நிற்கவேண்டும். அதற்கு மேல் இருப்பதில் சின்ன பேட்டரி அடங்கினால் எடுங்கள், அடங்காவிட்டால் காத்திருங்கள். காத்திருப்பதில் பெரிய நஷ்டம் இல்லை, 2010-க்கும் 2024-க்கும் நடுவில் லித்தியம் அயன் பேட்டரி பேக்குகளின் விலை சுமார் 90 சதவீதம் இறங்கியிருக்கிறது. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்று அவர் அவசரப்படுத்தினால் அதற்காகக் கையெழுத்துப் போடவேண்டாம்.

வாங்கினால் கடைசித் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, பொருத்தியவர்கள் கிளம்பும் முன் வெளி லைன் வரும் மெயின் ஸ்விட்சை அவர்களையே அணைக்கச் சொல்லுங்கள். உங்கள் மனைவியும் கூட நிற்கட்டும். ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, பகலாக இருந்தால் சோலாரிலிருந்து பேட்டரி நிரம்புகிறதா என்று அரை மணி நேரம் பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தைக் கொடுங்கள்.